நட்சத்திரங்கள், பிரபஞ்சம், நாம்: அளவு பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வானியல் பற்றிப் பேச்சு வந்தாலே முதலில் வருவது "எவ்வளவு பெரிசு?" என்ற கேள்விதான். அதைவிட "எவ்வளவு தள்ளி?" என்று கேட்டால் பிரபஞ்சம் சீக்கிரம் பிடிபடும் என்பது என் எண்ணம். இரண்டுக்கும் பதில் சொல்லப் பார்க்கிறேன். எண்கள் நிறைய வரும். எதையும் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை.

சூரியன் பூமியைவிட எத்தனை மடங்கு பெரியது?

எதை அளக்கிறோம் என்பதைப் பொறுத்தது. பூமியின் விட்டம் 12,742 கி.மீ., சூரியனுடையது ஏறத்தாழ 13.9 லட்சம் கி.மீ. அதாவது 109 பூமிகளை வரிசையாக அடுக்கினால் சூரியனின் குறுக்களவு வரும். கன அளவில் பார்த்தால் 13 லட்சம் பூமிகள் அடங்கும். எடையில் 3,33,000 பூமிகள். கடைசி இரண்டு எண்களும் ஏன் ஒத்துப்போகவில்லை என்றால், சூரியன் வாயுக் கோளம், பூமி பாறையும் இரும்பும். சூரியக் குடும்பத்தின் மொத்த நிறையில் 99.86 சதவீதம் சூரியனிடமே இருக்கிறது. வியாழன், சனி உட்பட மற்ற எல்லாம் மிச்சம் மீதிதான்.

இருப்பதிலேயே பெரிய நட்சத்திரம் எது?

அந்தப் பட்டம் அடிக்கடி கைமாறும். ஒரு காலத்தில் யூஒய் ஸ்கூட்டி என்ற நட்சத்திரத்தைச் சூரியனைவிட 1,700 மடங்கு பெரியது என்றார்கள். பின்னாளில் அதன் தூரம் திருத்தப்பட்டதும் அந்த எண் கிட்டத்தட்டப் பாதியாக இறங்கிவிட்டது. தூரம் சரியாகத் தெரியாவிட்டால் அளவும் சரியாகத் தெரியாது. இந்தப் பட்டியல்களில் உள்ள சிக்கலே அதுதான். கோட்பாட்டின்படி ஒரு நட்சத்திரம் சூரியனைப் போல 1,500 மடங்குக்குப் பக்கத்தில் வீங்கியபின் நிலைத்து நிற்பது கடினம். அதைவிடப் பெரிய எண்ணைப் பார்த்தால் கொஞ்சம் சந்தேகத்தோடு படியுங்கள்.

நன்றாக ஆராயப்பட்ட ஒன்றை எடுத்துக்கொள்வோம். ஓரியன் கூட்டத்தில் செந்நிறமாகத் தெரியும் திருவாதிரை, அதாவது பீட்டல்ஜூஸ். சூரியனுக்கு அடுத்தபடியாக விட்டம் அளக்கப்பட்ட முதல் நட்சத்திரம் இதுதான். 1920 டிசம்பரில் மவுண்ட் வில்சன் வானாய்வகத்தில் மைக்கல்சனும் பீஸும் அளந்தார்கள். இன்றைய கணக்கில் அது சூரியனைவிடச் சுமார் 700 மடங்கு அகலம். சூரியன் இருக்கும் இடத்தில் அதை வைத்தால் புதன், வெள்ளி, பூமி, செவ்வாய் எல்லாம் அதன் வயிற்றுக்குள் போய்விடும்.

நட்சத்திரங்களை வரிசையாக நிறுத்தி அளவு காட்டும் வீடியோக்கள் இந்த இடத்தோடு முடிந்துவிடும். சொல்லாமல் விடுவது இதை: திருவாதிரையின் கன அளவு 34 கோடி சூரியன்கள், ஆனால் எடை இருபது சூரியன்களைக்கூடத் தாண்டாது. கொஞ்சம் பொருளை அவ்வளவு பெரிய இடத்தில் பரப்பிவிட்டால் என்ன ஆகும்? அதன் சராசரி அடர்த்தி நாம் மூச்சுவிடும் காற்றின் அடர்த்தியில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. விளிம்புக்குப் பக்கத்தில் இருப்பதை வெற்றிடம் என்றே சொல்லிவிடலாம். வயதான காலத்தில் ஊதிப்போன நட்சத்திரம் அது. "ராட்சதன்" என்றதும் மனதில் எழும் திண்மையான உருவத்துக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

அப்படியானால் சூரியன் ஒரு சராசரி நட்சத்திரம்தானே?

பள்ளிக்கூடத்தில் இருந்தே இப்படிச் சொல்லிக் கேட்டிருப்போம். உண்மையில் சூரியன் சராசரிக்கு நன்றாகவே மேல். நட்சத்திரங்களில் பத்துக்கு ஏழு சிவப்புக் குள்ள நட்சத்திரங்கள், சிறியவை, மங்கலானவை. நமக்கு மிக அருகில் உள்ள பிராக்ஸிமா சென்டாரி அந்த ரகம்தான்: எடை சூரியனில் எட்டில் ஒரு பங்கு, அகலம் ஏழில் ஒரு பங்கு. இவ்வளவு பக்கத்தில் இருந்தும் அது வெறும் கண்ணுக்குத் தெரியாது. சிவப்புக் குள்ளங்களில் ஒன்றுகூடத் தெரியாது. வானத்தில் பளிச்சென்று மின்னுபவை சிறுபான்மைப் பெரிய நட்சத்திரங்கள். அவற்றை மட்டும் பார்த்துவிட்டுச் சூரியனை எளியதாக நினைத்துக்கொள்கிறோம்.

இன்னும் கீழே போகலாம். சனிக் கிரகத்தின் அளவே உள்ள நட்சத்திரங்களும் இருக்கின்றன. எரிந்து முடித்து அணைந்தவற்றில் வெள்ளைக் குள்ளங்கள் பூமி அளவு, நியூட்ரான் நட்சத்திரங்கள் குறுக்கே 20 கி.மீ.தான். ஆனால் அந்த 20 கி.மீ.க்குள் சூரியனைவிட அதிக எடை திணிக்கப்பட்டிருக்கும். அளவும் எடையும் இந்த உலகத்தில் ஒன்றையொன்று மதிப்பதே இல்லை.

ஒளியாண்டு என்பது காலமா, தூரமா?

தூரம். ஒளி ஓராண்டில் ஓடும் தூரம்: 9.46 லட்சம் கோடி கி.மீ. ஒளிக்கு நொடிக்கு 3 லட்சம் கி.மீ. வேகம். சந்திரனிலிருந்து இங்கே வர 1.3 நொடி, சூரியனிலிருந்து 8 நிமிடம் 20 நொடி, பிராக்ஸிமாவிலிருந்து 4.24 ஆண்டு.

நட்சத்திரங்களுக்கு இடையே எவ்வளவு இடைவெளி?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள்.

எல்லாவற்றையும் 1,000 கோடி மடங்கு சுருக்குவோம். சூரியன் 14 செ.மீ. அகலமுள்ள ஒரு உருண்டை ஆகிவிடும். அதிலிருந்து 15 மீட்டர் தள்ளி பூமி, 1.3 மி.மீ.; ஒரு கடுகு அளவு. பூமியிலிருந்து 4 செ.மீ. தள்ளிச் சந்திரன். மனிதர்கள் நேரில் போய்வந்த தூரமெல்லாம் இந்த 4 செ.மீ.க்குள் அடங்கும். வியாழன் 78 மீட்டரில், நெப்டியூன் 450 மீட்டரில். 1977-இல் கிளம்பி இன்னும் ஓடிக்கொண்டிருக்கும் வாயேஜர் 1 விண்கலம், மனிதன் செய்த பொருள்களிலேயே மிகத் தொலைவில் இருப்பது, 2.5 கி.மீ. அளவில் இருக்கும்.

சரி, அடுத்த நட்சத்திரம்? 4,000 கி.மீ. தள்ளி, 2 செ.மீ. அகலத்தில். நடுவில் வழிநெடுக என்ன இருக்கிறது என்றால், ஏறக்குறைய ஒன்றும் இல்லை.

இந்தச் சுருக்கத்தில் ஒளியின் வேகத்தையும் பார்த்துவிடுங்கள்: நொடிக்கு 3 செ.மீ. இயற்கையின் உச்சபட்ச வேகம் அதுதான். அந்த 4,000 கி.மீ.யை இந்த வேகத்தில்தான் கடக்க வேண்டும்.

மேலே போகப் போக இந்தச் சுருக்கமும் கைகொடுக்காது. சூரியன் இருக்கும் மாபெரும் நட்சத்திரத் திரளான நம் பால்வீதி, 1,000 கோடி மடங்கு சுருக்கிய பிறகும், 9.5 கோடி கி.மீ. அகலம் வரும். உண்மையான பூமிக்கும் உண்மையான சூரியனுக்கும் உள்ள தூரத்தில் பாதிக்கு மேல்!

அந்த நட்சத்திரத்துக்குப் போக முடியுமா?

இன்றைய கருவிகளோடு, இல்லை. வாயேஜர் 1 நொடிக்கு 17 கி.மீ. வேகத்தில் போகிறது. அதே வேகத்தில் பிராக்ஸிமா தூரத்தைக் கடக்க ஏறத்தாழ 75,000 ஆண்டுகள் ஆகும் (அது அந்தத் திசையில் போகவும் இல்லை). மனிதன் செய்ததிலேயே வேகமான பொருள் பார்க்கர் சூரிய விண்கலம். 2024 டிசம்பரில் நொடிக்கு 192 கி.மீ. தொட்டது. அந்த வேகத்திலும் 6,600 ஆண்டுகள். அதுவும் சூரியனை நோக்கி விழுந்ததால் கிடைத்த வேகம், வெளியே போகும்போது நிலைக்காது. சில கிராம் எடையுள்ள கருவிகளை லேசர் ஒளியால் தள்ளி ஒளியின் ஐந்தில் ஒரு பங்கு வேகம் கொடுக்கலாம் என்று 2016-இல் ஒரு திட்டம் அறிவிக்கப்பட்டது. கணக்கு சரிதான், கருவி இன்னும் பிறக்கவில்லை.

யாரும் போகாத இடத்தின் தூரத்தை எப்படி அளந்தார்கள்?

ஒரு கண்ணை மூடி விரலைப் பாருங்கள், பிறகு மறு கண்ணால் பாருங்கள். விரல் இடம் மாறியதுபோல் இருக்கும். பூமி ஜனவரியில் சூரியனுக்கு ஒரு பக்கம், ஜூலையில் மறு பக்கம். நடுவில் 30 கோடி கி.மீ. அருகில் உள்ள நட்சத்திரம் பின்னணி நட்சத்திரங்களுக்கு எதிரே கொஞ்சம் நகர்ந்து தெரிய வேண்டும். இதற்கு இடமாறு தோற்றம் என்று பெயர்.

பழங்காலத்தவருக்கும் இது தெரியும். நகர்வு தெரியவில்லையே, ஆகவே பூமி சுற்றவில்லை என்று முடிவு கட்டினார்கள். 16-ஆம் நூற்றாண்டில் டைக்கோ பிராகே, தொலைநோக்கி வருமுன் இருந்தவர்களில் மிகத் துல்லியமாக வானத்தை அளந்தவர், இதே காரணத்தைச் சொல்லி, பூமி சூரியனைச் சுற்றுகிறது என்ற கோப்பர்னிக்கஸை ஏற்கவில்லை. பூமி சுற்றுவது உண்மையானால் சனிக்கும் நட்சத்திரங்களுக்கும் இடையே பயனற்ற பிரம்மாண்டமான வெற்றிடம் இருக்க வேண்டும், அது நம்பும்படியாக இல்லை என்றார். தர்க்கத்தில் ஓட்டை இல்லை. வெற்றிடம்தான் அவர் நினைத்ததைவிடப் பெரியதாக இருந்துவிட்டது.

1838-இல் ஃபிரெட்ரிக் பெஸல் 61 சிக்னி என்ற நட்சத்திரத்தின் நகர்வைப் பிடித்தார். முழுநிலவின் அகலத்தில் ஏறத்தாழ 3,000-இல் ஒரு பங்கு. தூரம் சுமார் 11 ஒளியாண்டு. தாமஸ் ஹெண்டர்சன் ஆல்பா சென்டாரியை அதற்கு முன்பே அளந்திருந்தார், ஆனால் வெளியிடத் தயங்கி 1839-இல்தான் சொன்னார். பெயர் பெஸலுக்குப் போய்விட்டது. அதே முறையைத்தான் 2013-இல் ஏவப்பட்ட கையா விண்கலமும் கையாண்டு, நூறு கோடிக்கும் அதிகமான நட்சத்திரங்களை அளந்து தள்ளியது.

இன்னும் தொலைவில் நகர்வு தெரியாது. அங்கே ஹென்ரியட்டா லெவிட் வருகிறார். ஹார்வர்டு வானாய்வகத்தில் புகைப்படத் தகடுகளைச் சலித்துக்கொண்டிருந்தவர். செஃபீட் என்ற வகை நட்சத்திரங்கள் சீராக மங்கி மங்கிப் பிரகாசிக்கும். மெதுவாகத் துடிப்பவை அதிக ஒளி உள்ளவை என்பதை 25 நட்சத்திரங்களைக் கொண்டு 1912-இல் காட்டினார். துடிப்பை அளந்தால் உண்மையான ஒளி தெரியும். கண்ணுக்குத் தெரியும் ஒளியோடு ஒப்பிட்டால் தூரம் வந்துவிடும். 1923 அக்டோபரில் எட்வின் ஹப்பிள், வானில் புகைத்திட்டாகத் தெரியும் ஆண்ட்ரோமெடா மேகத்துக்குள் அப்படி ஒன்றைக் கண்டார். கணக்குப் போட்டால் 9 லட்சம் ஒளியாண்டு. பால்வீதிக்கு வெளியே! அதற்கு மூன்றாண்டு முன்புதான் பால்வீதிதான் மொத்தப் பிரபஞ்சமா என்று வானியலாளர்கள் ஷேப்லியும் கர்ட்டிஸும் மேடையேறி வாதிட்டிருந்தார்கள். ஒரே ஒரு நட்சத்திரம் விவாதத்தை முடித்துவைத்தது. செஃபீட்களில் இரண்டு வகை உண்டு என்று வால்டர் பாடே 1952-இல் கண்டுபிடித்தபின் தூரம் திருத்தப்பட்டது. இன்றைய மதிப்பு 25 லட்சம் ஒளியாண்டு.

என்னைக் கேட்டால் லெவிட்டின் வேலைக்குப் பக்கத்தில் வைக்கத்தக்க கண்டுபிடிப்புகள் வானியலில் அதிகம் இல்லை.

நாம் பார்க்கும் நட்சத்திரங்களில் பெரும்பாலானவை ஏற்கெனவே செத்துவிட்டனவாமே?

கேட்க அழகாக இருக்கும், ஆனால் தவறு. வெறும் கண்ணுக்குத் தெரியும் நட்சத்திரங்கள், நல்ல இருட்டில் ஒரே நேரத்தில் இரண்டாயிரம் மூவாயிரம், பெரும்பாலும் சில ஆயிரம் ஒளியாண்டுக்குள் இருப்பவை. அவற்றின் ஆயுள் கோடிக்கணக்கான ஆண்டுகள். ஒளி வந்து சேர எடுக்கும் காலம் அந்த ஆயுளில் தூசு. திருவாதிரையையே எடுத்துக்கொள்ளுங்கள்: 500 முதல் 700 ஒளியாண்டு தொலைவு, வெடிக்க இன்னும் ஒரு லட்சம் ஆண்டு வரை ஆகலாம் என்று கணக்கு. ஏற்கெனவே வெடித்துவிட்டு ஒளி வழியில் இருக்க வாய்ப்பு நூற்றில் ஒன்றுகூட இல்லை. ஆக, இரவில் பார்க்கும் நட்சத்திரங்கள் எல்லாம் உயிரோடுதான் இருக்கின்றன என்று எடுத்துக்கொண்டால் தவறாகாது.

தொலைவான விஷயங்களில்தான் கால தாமதம் உறைக்கும். 1987 பிப்ரவரியில், பால்வீதிக்குப் பக்கத்தில் உள்ள பெரிய மெகல்லன் மேகம் என்ற சிறு திரளில் ஒரு சூப்பர்நோவா, அதாவது நட்சத்திர வெடிப்பு, கண்ணுக்கே தெரிந்தது. அது வெடித்தது 1,68,000 ஆண்டுகளுக்கு முன்.

பால்வீதியில் எத்தனை நட்சத்திரங்கள்?

10,000 கோடியிலிருந்து 40,000 கோடி வரை. இடைவெளி ஏன் இவ்வளவு என்றால், மங்கலான சிவப்புக் குள்ளங்களை எண்ணித் தீர்க்க முடியாது. மொத்த எடையிலிருந்து ஊகிக்க வேண்டியிருக்கிறது. அகலம் ஏறத்தாழ ஒரு லட்சம் ஒளியாண்டு. சூரியன் நடுவிலிருந்து 26,000 ஒளியாண்டு தள்ளி இருக்கிறது, ஒரு சுற்று வர 23 கோடி ஆண்டு எடுக்கிறது. பிறந்ததிலிருந்து இருபது சுற்றுதான் முடிந்திருக்கிறது. போன சுற்றில் நாம் இதே பக்கம் வந்தபோது டைனோசர்கள் அப்போதுதான் தலைகாட்டத் தொடங்கியிருந்தன.

இரண்டு விண்மீன் திரள்கள் மோதினால் நட்சத்திரங்கள் உடைந்து நொறுங்குமா?

நட்சத்திரங்களுக்கு அநேகமாக ஒன்றும் ஆகாது. காரணம் பழைய இடைவெளிக் கணக்குதான். எதையும் அதன் சொந்த அகலத்தை அளவுகோலாக வைத்துப் பாருங்கள். பூமிக்கும் சந்திரனுக்கும் இடையே 30 பூமிகள். பூமிக்கும் சூரியனுக்கும் இடையே 107 சூரியன்கள். சூரியனுக்கும் அடுத்த நட்சத்திரத்துக்கும் இடையே கிட்டத்தட்ட 3 கோடி சூரியன்கள். ஆனால் பால்வீதிக்கும் ஆண்ட்ரோமெடாவுக்கும் இடையே வெறும் 25 பால்வீதிகள்!

அதாவது நட்சத்திரங்கள் தனித்தனியே அலைகின்றன, கேலக்ஸி என்று சொல்லும் இந்தத் திரள்களோ ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு நிற்கின்றன. அதனால்தான் திரள்கள் அடிக்கடி மோதுகின்றன, அவற்றுக்குள் உள்ள நட்சத்திரங்கள் மோதுவதில்லை. ஈர்ப்பால் பாதைகள் கலையும், வாயு மேகங்கள் மோதிப் புது நட்சத்திரங்கள் பிறக்கும், அவ்வளவுதான். ஆண்ட்ரோமெடா நம்மோடு மோதும் என்பது வெகுகாலமாக உறுதியாகச் சொல்லப்பட்டது. 2025-இல் வந்த ஒரு கணக்கீடு அடுத்த 1,000 கோடி ஆண்டுகளில் அது நடக்க வாய்ப்பு பாதிக்குப் பாதி என்று தணித்துவிட்டது.

பிரபஞ்சத்தில் மொத்தம் எத்தனை விண்மீன் திரள்கள்?

1995 டிசம்பரில் ஹப்பிள் தொலைநோக்கியைப் பத்து நாள் ஒன்றுமே இல்லாத ஓர் இருட்டுத் துண்டை நோக்கித் திருப்பி வைத்தார்கள். தொலைநோக்கி நிறுவனத்தின் இயக்குநர் ராபர்ட் வில்லியம்ஸ், தன் விருப்பப்படி ஒதுக்கக்கூடிய நேரத்தை இதற்குக் கொடுத்தார். ஒன்றும் கிடைக்காமல் போகும் என்று எச்சரித்தவர்களும் உண்டு. அந்தத் துண்டு மொத்த வானத்தில் 2.4 கோடியில் ஒரு பங்கு. படத்தில் ஏறத்தாழ 3,000 திரள்கள் இருந்தன. பெருக்கிப் பாருங்கள், 7,200 கோடி வரும். அதுவும் அன்றைய கருவிக்குத் தெரிந்தவை மட்டும்.

2016-இல் ஓர் ஆய்வு இதை 2 லட்சம் கோடி என்று உயர்த்தியது. 2021-இல் நியூ ஹொரைசன்ஸ் விண்கலம் சூரியக் குடும்பத்தின் ஓரத்திலிருந்து வானத்தின் கருமையை அளந்தபோது, அவ்வளவு திரள்கள் இருந்தால் வானம் இதைவிட வெளிச்சமாக இருந்திருக்க வேண்டும் என்று தெரிந்தது. எண்ணிக்கை சில பத்தாயிரம் கோடிகளாக இறங்கியது. நான் இரண்டாவதைத்தான் நம்புவேன், ஏனென்றால் அது ஊகத்தைக் குறைத்து ஒளியை நேரடியாக அளந்தது.

பிரபஞ்சத்தின் வயது 1,380 கோடி ஆண்டு என்றால், அகலம் எப்படி 9,300 கோடி ஒளியாண்டு ஆகும்?

நியாயமான கேள்வி. ஒளி 1,380 கோடி ஆண்டுதான் ஓடியிருக்க முடியும், அப்படியானால் விளிம்பு 1,380 கோடி ஒளியாண்டில்தானே இருக்க வேண்டும்? ஒளி ஓடும் பாதையே ஓடும்போது நீண்டுகொண்டிருக்கிறது, சிக்கல் அங்கே.

நம்மிடம் உள்ள மிகப் பழைய ஒளியை எடுத்துக்கொள்வோம். 1964-இல் பென்சியாஸ், வில்சன் இருவரும் ஒரு ரேடியோ ஆன்டெனாவில் எந்தப் பக்கம் திருப்பினாலும் போகாத இரைச்சலாகக் கேட்டது அதைத்தான். பிரபஞ்சத்துக்கு 3,80,000 வயதானபோது கிளம்பிய ஒளி. அது கிளம்பிய நேரத்தில், கிளம்பிய இடம் நம் இடத்திலிருந்து 4.2 கோடி ஒளியாண்டு தூரத்தில்தான் இருந்தது. அண்டை வீடு மாதிரி. ஆனால் ஒளி நம்மை நோக்கி வர வர, நடுவில் இருந்த வெளி விரிந்துகொண்டே போனது. 4.2 கோடியைக் கடக்க வேண்டிய ஒளி 1,380 கோடி ஆண்டு ஓடி இப்போதுதான் வந்து சேர்ந்திருக்கிறது. அதற்குள் கிளம்பிய இடம் ஏறத்தாழ 1,100 மடங்கு விலகி 4,600 கோடி ஒளியாண்டுக்குப் போய்விட்டது. இரண்டு பக்கமும் சேர்த்தால் 9,300 கோடிக்கு அருகே வரும்.

ஒளியைவிட வேகமாக எதுவும் போக முடியாது என்ற விதி உடையவில்லையா? இல்லை. அந்த விதி வெளிக்குள் ஓடும் பொருள்களுக்கு. வெளி தானாக விரிவதற்கு அப்படி ஒரு வரம்பு கிடையாது.

அந்த விளிம்புக்கு அப்பால் என்ன?

அநேகமாக இங்கே இருப்பது போன்ற இடங்களே. அது சுவர் இல்லை, நம் பார்வை எட்டும் எல்லை; அங்கே இருப்பவருக்கு அவரைச் சுற்றி இதேபோல ஓர் எல்லை இருக்கும். மொத்தம் முடிவுள்ளதா முடிவற்றதா என்பது தீராத கேள்வி. வெளியின் வளைவை அளந்தால் தட்டையாகவே தெரிகிறது, எனவே முடிவு இருந்தாலும் நாம் பார்ப்பதைவிட மொத்தம் மிகப் பெரியதாகத்தான் இருக்க வேண்டும்.

அப்போது பிரபஞ்சத்தின் நடு எது?

நடு கிடையாது. எங்கே நின்று பார்த்தாலும் மற்றவை விலகிப் போவதாகவே தெரியும்.

இத்தனைக்கும் நடுவே மனிதன் எங்கே நிற்கிறான்?

ஒரு கணக்கு சொல்கிறேன், எனக்கு மிகவும் பிடித்தது. அணுக்கருவில் இருக்கும் துகளான ஒரு புரோட்டானின் எடையை ஒரு பெரிய எண்ணால் பெருக்குங்கள். 58 கிலோ வருகிறது. அந்த 58 கிலோவை அதே எண்ணால் இன்னொரு முறை பெருக்கினால் சூரியனின் எடை வந்துவிடும். அதாவது பெருக்கல் ஏணியில் புரோட்டானுக்கும் சூரியனுக்கும் சரியாக நடுப்படியில் ஒரு மனிதன் நிற்கிறான். இதற்கு ஆழமான அர்த்தம் எதுவும் தேட வேண்டாம், தற்செயல்தான். ஆனால் நாம் அடிமட்டத்தில் கிடக்கிறோம் என்ற எண்ணம் தவறு என்று காட்டப் போதும்.

எண்ணிக்கையிலும் அப்படித்தான். காணக்கூடிய பிரபஞ்சத்தில் உள்ள நட்சத்திரங்கள் 1-க்குப் பின் 22 முதல் 24 பூஜ்யங்கள் வரை. 70 கிலோ உடலில் உள்ள அணுக்கள் 7-க்குப் பின் 27 பூஜ்யங்கள். தாராளமாகக் கணக்கிட்டாலும் உங்கள் உடலின் அணுக்களே ஆயிரக்கணக்கான மடங்கு அதிகம். அந்த அணுக்களில் பத்துக்கு ஆறுக்கும் மேல் ஹைட்ரஜன். அதன் கருக்கள் பெருவெடிப்பின் தொடக்க நிமிடங்களிலிருந்து வருபவை. பிறந்தநாள் எதுவானாலும் உடம்பில் பாதிக்கு மேற்பட்ட அணுக்களின் வயது 1,380 கோடி.

அப்புறம் வெப்பம். சும்மா உட்கார்ந்திருக்கும் மனிதன் கிலோவுக்கு ஒரு வாட்டுக்குச் சற்று அதிகமாக வெப்பம் வெளியிடுகிறான். சூரியன் தன் எடையில் கிலோவுக்கு 0.0002 வாட்கூடத் தருவதில்லை. எடைக்கு எடை பார்த்தால் சூரியனைவிட நாம் பல ஆயிரம் மடங்கு சூடான அடுப்பு. சூரியன் ஜொலிப்பது அதன் மொத்தத்தால்தான். உள்ளே அணுக்கரு இணைவு அவ்வளவு நிதானமாக நடக்கிறது. அந்த நிதானம் இல்லாவிட்டால் 460 கோடி ஆண்டு தாக்குப்பிடித்திருக்காது.

நாம் இருக்க ஒரு கிரகம் போதுமே, இவ்வளவு பெரிய பிரபஞ்சம் எதற்கு?

"எதற்கு" என்பதற்கு இயற்பியல் பதில் சொல்லாது. ஆனால் சின்னப் பிரபஞ்சத்தில் நாம் இருந்திருக்க முடியுமா என்று கேட்டால் பதில் உண்டு. 1961-இல் இயற்பியலாளர் ராபர்ட் டிக்கி இதை எடுத்துக்காட்டினார். உடலுக்குக் கார்பன் வேண்டும், ஆக்சிஜன் வேண்டும். பெருவெடிப்பு தந்ததோ ஹைட்ரஜனும் ஹீலியமும்தான். மற்றவை நட்சத்திரங்களுக்குள் சமைந்து, அவை வெடித்தோ உதிர்ந்தோ வெளியே சிதறி, அந்தச் சாம்பலிலிருந்து அடுத்த தலைமுறை நட்சத்திரமும் பாறைக் கிரகமும் உருவாக வேண்டும். அதற்குப் பல நூறு கோடி ஆண்டுகள் பிடிக்கும். அத்தனை காலமும் பிரபஞ்சம் விரிந்துகொண்டே இருக்கும். ஆக, இந்தக் கேள்வியைக் கேட்க யாராவது இருக்கும் பிரபஞ்சம் எதுவானாலும் அது பழையதாகவும், அதனாலேயே பெரியதாகவும் இருந்தாக வேண்டும்.

ஆகவே "இவ்வளவு பெரிய வெளியில் நாம் அற்பம்" என்ற பேச்சு எனக்கு ஒட்டுவதில்லை. வெளி பெரிதாக இல்லாமல் நாம் இல்லை.

தொலைநோக்கி இல்லாமல் இதில் எதையாவது நேரில் பார்க்க முடியுமா?

முடியும். ஓரியன் தெரியும் மாதங்களில், ஜனவரி முதல் மார்ச் வரை முன்னிரவில் எளிது, ஒரே பார்வையில் மூன்றைப் பிடிக்கலாம். செந்நிறமாகத் திருவாதிரை. ஓரியனின் எதிர்மூலையில் நீலவெள்ளையாக ரைஜல். கொஞ்சம் தள்ளி, வானத்திலேயே பிரகாசமான சிரியஸ். சிரியஸ் 8.6 ஒளியாண்டு, ரைஜல் அதைப்போல நூறு மடங்கு தூரம். கண்ணுக்கு இரண்டும் ஒரே கூரையில் தொங்குவது போலத்தான் இருக்கும். ரைஜலைச் சிரியஸ் தூரத்துக்குக் கொண்டுவந்தால் அரைநிலவு அளவுக்கு வெளிச்சம் தரும்.

அக்டோபர் முதல் ஜனவரி வரை நகர வெளிச்சம் இல்லாத இடத்தில் ஆண்ட்ரோமெடாவும் வெறும் கண்ணுக்குத் தெரியும், சிறு புகைத்திட்டாக. நேராகப் பார்த்தால் மறையும். சற்று ஓரமாகப் பார்வையை வைத்தால் புலப்படும், விழித்திரையின் ஓரத்துக்கு மங்கலான ஒளியை உணரும் திறன் கூடுதல். 7×50 அல்லது 10×50 பைனாகுலர் இருந்தால் இன்னும் தெளிவு. தொலைநோக்கி வாங்க அவசரப்பட வேண்டாம். ஆண்ட்ரோமெடா முழுநிலவைவிடப் பல மடங்கு அகலம், அதை முழுதாகக் காட்டப் பைனாகுலரே மேல்.